அயனிக் கட்டில்

என் அண்ணன் குமாரதாஸுக்குப் படிப்பு ஏறவில்லை. ஆறாம் பாரத்தில் இரண்டு தடவை தோற்றான். மூன்றாவது தடவை எழுதச் சொன்னபோது, நாகர்கோவிலில் ஒரு கைத்தொழில் பள்ளியில் சேர்ந்து ஃபர்னிச்சர் வேலை படிக்கப் போகிறேன் என்றான். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். மரவேலைக்கு ஆசாரிமார் இருக்கும்போது நீ எந்தக் கொம்பன் என்று கேட்டார். ஊர்க்காரர்களும் அதையேதான் கேட்டார்கள், கொஞ்சம் மரியாதையாக.

வில்லுக்குறியிலிருந்து தினமும் நடந்து போய் மூன்று வருஷம் படித்தான். முதல் வருஷம் உளி தீட்டுவதும் இழைப்பதும் தவிர வேறொன்றும் இல்லையாம். இரண்டாம் வருஷம் ஸ்டூல், நாற்காலி. கடைசி வருஷம் கண்ணாடி வைத்த அலமாரி. வாத்தியார் எல்லாவற்றையும் அடிக்கணக்கில், அங்குலக்கணக்கில் கரும்பலகையில் வரைந்து போடுவாராம். அண்ணன் ஒரு டேப்பை வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் ஒன்றையும் விடவில்லை. கதவை அளந்தான், உரலை அளந்தான், என்னையும் நிறுத்தி வைத்து அளந்து ஐந்தடி ஒரு அங்குலம் என்றான். அதற்கு மேல் வளரமாட்டாயா என்று கேட்டுச் சிரித்தான். அப்போதெல்லாம் அவன் நன்றாகச் சிரிப்பான்.

பள்ளியை முடித்து வந்தபோது சுதந்திரம் வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. சர்ட்டிபிகேட்டுக்கு அவனே சட்டம் போட்டு மாட்டினான். வேலைதான் வரவில்லை. நிலை வைக்க, உத்தரம் போட எல்லாரும் ஆசாரியிடம்தான் போவார்கள். நாற்காலி செய்யச் சொல்ல எங்கள் ஊரில் நாற்காலியில் உட்காருகிறவன் யார்? எட்டு மாதம் சும்மா இருந்தான். குளச்சலில் துணிக்கடை திறக்கப்போன மைதீன் கனி முதலாளி ஒருத்தர்தான், ஆறு நாற்காலியும் இரண்டு மேசையும் வேண்டும் என்றார். ஆனால் உன் வேலையில் ஒன்றைக் கண்ணால் பார்க்காமல் சொல்லமாட்டேன், உன் தங்கச்சி கல்யாணத்துக்கு வருகிறேன், சீர்க்கட்டிலைப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்றார். அந்தத் தங்கச்சி நான்தான். செல்லக்கனி.

ஆக, அண்ணன் பிழைப்பது அந்தக் கட்டிலில் இருந்தது. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

புழக்கடையில் நின்ற அயனி மரத்தை அறுத்துக் காயவைத்திருந்தார்கள். அதில் செய்தான். நான் என் கல்யாணத்தைப் பற்றி நினைத்ததைவிட அவன் அந்தக் கட்டிலைப் பற்றி நினைத்ததுதான் அதிகம். மூலைப் பொருத்தில் ஒரு ஆணி கிடையாது. தலைமாட்டுப் பலகையில் கை வைத்தால் வழுக்கும். அப்பாகூட ஒருநாள் யாரும் பார்க்காத நேரத்தில் தடவிப் பார்த்தார்.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது மாப்பிள்ளை வீட்டார் சீர்ச் சாமான் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை வைகுண்டராஜனும் வந்திருந்தார். அவருடைய தாய்மாமன் கூடவே பத்மநாபபுரத்து ஆசாரி ஒருவரைக் கூட்டி வந்திருந்தார். வயதானவர், அதிகம் பேசாதவர். கட்டிலைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. குனிந்து பொருத்தைப் பார்த்து, பயல் நல்லாச் செய்திருக்கான் என்று அவராகவே சொன்னார். எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது.

மாமன் அதோடு விட்டாரா? அளந்து பாரும் என்றார். ஆசாரி கொஞ்சம் தயங்கிவிட்டு முழக்கோலை எடுத்தார். ஆசாரிமார் கணக்கில் ஒரு சாமானின் சுற்றளவுக்கு மனுஷனைப் போலவே வயது உண்டு. பால்யம், கௌமாரம், யௌவனம், வார்த்தக்யம், மரணம் என்று ஐந்து. அந்த ஐந்தாவதில் மட்டும் எதையும் செய்யமாட்டார்கள். அண்ணனுக்கு இதை எந்த வாத்தியாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவன் ஆறேகாலடிக்கு நாலடி என்று பள்ளியில் கொடுத்த அளவில் செய்திருந்தான்.

ஆசாரி இரண்டு தடவை அளந்தார். பிறகு கோலைக் கீழே வைத்துவிட்டு, “கேக்காம இருந்திருக்கலாம்” என்றார். “மரணத்துல நிக்குது.”

அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். அண்ணனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், குறைத்துவிடலாமா என்று ஆசாரியிடமே கேட்டான். ரெண்டு விரல் குறைத்தால் நல்ல அளவுக்கு வந்துவிடும், நானே கூட நின்று கோல் பிடிக்கிறேன் என்றார் அவர். மாமன் முடியாது என்றார். வாயில் வந்த சொல் வந்ததுதான், அதை வாள் வைத்து அறுக்க முடியுமா என்றார். அப்பா மாமனின் கையைப் பிடித்துக் கெஞ்சினார்.

அப்போது மாப்பிள்ளை பேசினார். நல்ல மனுஷன் அவர், இன்றைக்கும் சொல்வேன். “அதுல படுக்கப்போறது நாங்க ரெண்டு பேரும். குறைச்சுத் தரட்டும். எனக்கு ஒண்ணுமில்ல. அவளுக்குச் சம்மதமான்னு கேளுங்க.”

எல்லாரும் நான் நின்ற கதவுப் பக்கம் திரும்பினார்கள். அண்ணனும் திரும்பினான். அவன் முகத்தில் கவலையே இல்லை. தங்கச்சியிடம்தானே கேட்கிறார்கள் என்ற தைரியம் அது. எனக்குப் பின்னால் அடுக்களையில் அக்கா தாணம்மாள் நின்றாள். கல்யாணமாகி எட்டாம் மாதம் தாலியறுத்து வீட்டுக்கு வந்தவள். அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

“எனக்குப் பயமா இருக்கு அண்ணே” என்றேன். “அந்தக் கட்டில் வேண்டாம்.”

ஆசாரி ஒன்பது நாளில் வேறு கட்டில் செய்து தந்தார். கல்யாணம் நடந்தது. மைதீன் கனி முதலாளி வந்தார், கட்டில் எங்கே என்று கேட்டார், சொல்ல ஆளா இல்லை? அவர் அண்ணனை ஓரமாகக் கூட்டிப் போய், உன் கைவேலையில் குறை இல்லை தம்பி, ஆனால் கூடப்பிறந்தவளே வேண்டாம் என்ற வேலையைக் கடையில் போட்டால் ஆள் உட்காரமாட்டான் என்றாராம். ஊரில் யாரும் அந்த மாமன் சொன்னதைச் சொல்லவில்லை. நான் சொன்னதைத்தான் சொன்னார்கள். அண்ணன் தக்கலை, திங்கள்சந்தை என்று வேலை கேட்டு அலைந்தான். அவனுக்கு முன்னால் என் சொல் போய் நின்றது.

எனக்கு ஐந்து மாதமாக இருக்கும்போது ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு பார்க்க வந்தான். மெலிந்திருந்தான். ஆசாரி வீட்டுக்கு இரண்டு மாதமாகப் போய் முழக்கோல் கணக்கு முழுவதும் படித்துவிட்டேன் என்றான். அப்பா கேட்டால் அடிக்க வருவார் என்று சிரிக்கப் பார்த்தான். பிறகு, ஒரு தொட்டில் செய்து தரட்டுமா என்று கேட்டான்.

“ஆசாரி அளந்து சொன்னபெறவுதான் மரத்துல உளி வைப்பேன், கேட்டியா? உன் வீட்டுல ஒரு சாமான் கிடந்தா, அத வச்சு நாலு பேருகிட்டக் கேப்பேன் மக்கா.”

நான் வயிற்றில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கையை எடுக்க முடியவில்லை.

“வேண்டாம் அண்ணே. சேலையிலேயே கட்டிக்கிடுவோம்.”

சரிட்டி என்றான். கருப்பட்டிக் காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். அடுத்த வாரம் கீரிப்பாறைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போய்விட்டான் என்று அப்பா வந்து சொன்னார். உளிகளை எல்லாம் யாருக்கோ கொடுத்துவிட்டானாம். நான் அன்றைக்கு முழுவதும் அழுதேன். ஆனால் அவன் திரும்ப வந்து கேட்டிருந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.