கண்ணு

ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெயில், பலகையின் ஓட்டை வழியாக வந்து என் உள்ளங்கையில் விழுகிறது, கையை மூடினால் விரல்களின் மேல் ஏறிக்கொள்கிறது, பலகையில் நான் பதினேழு நாட்களாகச் செதுக்கிய பெண்முகம், பக்கவாட்டில் திரும்பிய முகம், அவள் கன்னத்தில்தான் இந்த ஓட்டை, அங்கிருந்து கழன்று விழுந்த கரிய மரவட்டம் என் காலடியில் கிடக்கிறது, நான்கு நாளில் கண்காட்சி, இதுவும் சரிவராவிட்டால் ஊருக்கே வந்துவிடுகிறேன் என்று அண்ணனிடம் போனில் சொல்லியாயிற்று.

இந்தப் பலகையை வாங்கிய நாளிலும் இதே வெயில், உக்கடத்தில் மயிலாத்தா அக்காவின் பழைய மரக்கடை, இடித்த அரிசி ஆலையின் தேக்குக் கதவு, மேலே தடித்த நீலப் பெயிண்ட், அக்கா வேறு யாருக்கோ ஜன்னல் சட்டம் எடுத்துக் கொடுத்தபடி திரும்பாமலே சொல்கிறாள், கண்ணு பாத்து வெட்டோணும். ராமநாதபுரத்திலிருந்து கோவைக்கு வந்து எட்டு மாதம், விடுதியில் எனக்கு ஏழாம் நம்பர் என்று பெயர், பேருந்தில் தள்ளி நில்லுங்க என்று பெயர், இப்போது ஒரு குரல் என்னைக் கண்ணு என்கிறது, கவனமாக வெட்டு என்கிறது, கதவைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தே வந்தேன், பாரம் தெரியவில்லை, பதினேழு நாளும் அந்தச் சொல்தான் என் உளியைத் தட்டியது.

ஓட்டை விழுந்த அன்று கரிய வட்டத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவளிடம்தான் ஓடினேன், இப்பிடி ஆயிருச்சுக்கா. அதை வாங்கிப் பார்த்துத் திருப்பித் தந்தவள், நாந்தான் அன்னைக்கே கண்ணு பாத்து வெட்டோணும்னு சொன்னனல்லோ என்றாள். கிளை முளைத்த இடத்தில் மரத்துக்குள் இறுகும் முடிச்சு, கணு என்றே நான் படித்தது, இங்கே அதற்குக் கண்ணு என்று பெயராம். நீங்க என்னையக் கூப்பிட்டீகன்னு நெனச்சேன், என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவள் இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள், ஏனுங்க, இங்க வாங்க, இந்தத் தம்பிய நான் கொஞ்சுனனாமா என்று லாரியில் மரம் ஏற்றிக்கொண்டிருந்த கணவரைக் கூப்பிட்டாள், என் பக்கம் திரும்பினாள், உன்ற காதுல ஓட்டை இருக்குதா இல்லியா தம்பி. நானும் சிரித்தேன், முகம் போனதைவிட அந்தச் சொல் என்னுடையது இல்லை என்பதுதான் வலித்தது.

பேருந்தில் என்னையறியாமல் என் காதைத் தொட்டுக்கொண்டிருக்கிறேன், விரல்நுனி உள்ளே போகிறது, காதுல ஓட்டை, காதுல ஓட்டை, உக்கடத்திலிருந்து விடுதிவரை அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்து, விளக்கைக்கூடப் போடாமல் பலகை முகத்தின் பழைய காதை உளியால் சீவி எடுத்தேன். கன்னத்து ஓட்டையே இனிக் காது, அப்படியானால் முகம் சாய வேண்டும், தாடை சுருங்க வேண்டும், கண்கள் பாதி மூட வேண்டும், நான்கு நாளில் அவள் வேறொருத்தி ஆனாள், யாரோ பேசுவதைத் தலைசாய்த்துக் கேட்பவள்.

கண்காட்சிக்கு அக்கா வந்தாள், மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, தலை நிறைய மல்லிகையோடு. நான் சிற்பத்தின் பின்னால் மண்டியிட்டு, ஆடிக்கொண்டிருந்த தாங்குகட்டையை ஒரு கையால் பிடித்திருந்தேன், என்னை அவள் பார்த்தாளா தெரியவில்லை, இது என்ற கடைக் கதவாக்கும் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்கிறாள், நீலம் மிச்சமிருக்கும் நெற்றியைத் தடவுகிறாள், பிறகு குனிந்து அந்த மரக்காதில் வாயை வைத்து, ரகசியம் சொல்வதுபோல், நல்லா வந்திருக்குது கண்ணு, என்கிறாள்.

மரத்தின் கண்ணு என் சட்டைப்பையில் இருக்கிறது. இந்தப் பலகையில் இப்போது வேறு கண்ணு இல்லை.

ஓட்டையின் இந்தப் பக்கம் என் இன்னொரு கை, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு அவள் மூச்சுச்சூடு உள்ளங்கையில் விழுகிறது, மூடிக்கொண்டேன், இம்முறை அது விரல்களின் மேல் ஏறவில்லை, உள்ளேயே இருந்தது.