ஓட்டுநர் இருக்கைக்கு மட்டும்

அம்மாவின் படச்சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு மிரான் ரேடியோவைக் கூட்டினாள். குறைத்தாள். மறுபடி கூட்டினாள்.

"டேய் சங்வுக், பாட்டெல்லாம் இந்தக் கதவுலேர்ந்தே வருதுடா. இடது காதுல ஒண்ணும் விழல. எனக்கும் அம்மா மாதிரி ஆயிடுச்சா?"

"அழுதழுது அடைச்சிருக்கும்க்கா." இடது பக்க ஸ்டீரிங்கில் காரை ஓட்டிக்கொண்டிருந்த தம்பிக்குப் பாட்டு முன்கண்ணாடியிலிருந்து நேராக வருவதுபோல் தெளிவாகக் கேட்டது.

"நான் எங்கடா அழுதேன்?"

சங்வுக் சிரிக்கப் போனவன் பாதியில் நிறுத்தினான். அடுத்த சிவப்பு விளக்கில் திரையைத் தொட்டு ஒலி அமைப்புக்குள் போனான். 'ஓட்டுநர் இருக்கை' என்ற கட்டம் நீலமாக எரிந்தது. அதை வைத்தவன் அவனேதான்.

கார்களோடு வரும் ஸ்டீரியோவுக்கு ஒலியைச் சீர்செய்து கொடுப்பது அவன் பிழைப்பு. ஒன்பது வருஷத்துக்கு முன் அப்பா உல்சான் கார் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றபோது ஊழியர் சலுகையில் எடுத்த கார் இது. எடுத்த அன்றே அவரை ஸ்டீரிங் முன் உட்காரவைத்து, அவர் பக்கத்து ஸ்பீக்கரைக் கொஞ்சம் அடக்கி, கொஞ்சம் தாமதப்படுத்தி, இரண்டு பக்கச் சத்தமும் அவரிடம் ஒன்றாக வந்து சேரும்படி செய்தான். அப்பா தொடையைத் தட்டினார். "பாடுறவ பானட் மேல உக்காந்துல்ல பாடுறா!" பக்கத்து இருக்கையில் உட்காருகிறவளுக்கு அவளுடைய கதவு மட்டும்தான் பாடும் என்பது அவனுக்குத் தெரியும். அங்கே உட்காரப் போவது அம்மா என்பதுதான் தோன்றவில்லை.

அம்மா அந்த மாதமே போனில் கேட்டாள். "வண்டியில ஏதோ கோளாறுடா. இடது பக்கம் சத்தமே இல்ல."

"பதினாறு மைக் வெச்சு அளந்த வண்டிம்மா அது. வண்டி நல்லாத்தான் இருக்கு. நீ உன் காதைப் பாரு."

நிபுணன் சொல்லிவிட்டான். அதற்கப்புறம் அப்பாவைப் பிடிக்க முடியுமா? வண்டியில் அம்மாவின் இடது பக்கம் அவர்தான். "செவிட்டுப் பக்கம் உக்காந்து செத்துக்கிட்டிருக்கேன்" என்று ஊரெல்லாம் சொன்னார். அவள் எதற்குப் பதில் சொல்லாவிட்டாலும் செவிடன் காதில் ஊதிய சங்கு என்றார். அம்மாவும் நம்பிவிட்டாள். நம்பிய பிறகு காது போக வேறு நோய் எதற்கு? டாய்லெட் பேப்பர் இலவசம் என்று வயசானவர்களைக் கூட்டி வைத்து விற்கும் கூடத்தில் ஒரு காதுக் கருவி வாங்கி மாட்டிக்கொண்டாள். புதன்கிழமைப் பாட்டு வகுப்பை விட்டாள். "பக்கத்துல நிக்கிறவங்க சுருதியையும் கெடுத்துடுவேன்" என்றாள். வாரம் முழுக்க அந்த ஒரு நாளுக்காகத்தான் அவள் உதட்டுச்சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.

சங்வுக் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னான். 'எல்லா இருக்கைகளும்' என்பதை அழுத்தினான். பாட்டு கார் முழுக்கப் பரவியது. மிரான் ரேடியோவை நிறுத்தினாள்.

"இப்ப எதுக்குடா மாத்துற?"

பச்சை விழுந்தது. அவன் காரை எடுத்தான்.

"பெட்டியில வைக்கிறதுக்கு முன்னாடி அவகிட்ட சொல்லிடு. உயிர் போனாலும் காது கடைசியிலதான் போகும்னு சொல்றாங்கல்ல. உன் காது நல்லாத்தான் இருந்துச்சும்மான்னு சொல்லு. அப்பா முன்னாடி, எல்லார் முன்னாடியும் சொல்லணும்."

"சொல்றேன்க்கா."

பதினோரு மணிக்கு இறுதிச்சடங்குக் கூடத்தில் அவர்களை உள்ளே கூப்பிட்டார்கள். அம்மா சணல் உடையில் மேசைமேல் கிடந்தாள். முகம் மட்டும் திறந்திருந்தது. வயதான ஊழியர் பஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டு, "காதை அடைக்கணும். பேசுறவங்க பேசிடுங்க" என்றார்.

"இடதை இப்பவே அடைச்சிடுங்க," என்றார் அப்பா. "ஒம்பது வருஷமா அடைச்சுதான் கெடக்கு. எல்லாரும் வலது பக்கமா வாங்க."

யாரோ கைக்குட்டைக்குள் சிரித்தார்கள். ஊழியர் இடது காதை அடைத்தார்.

அப்பா வலது காதருகே குனிந்தார். "அடியே, கேக்குதா? இனிமே கத்த மாட்டேன்டி" என்று கத்தினார். குரல் உடைந்துவிட்டது. சித்தப்பா அவரைத் தோளில் பிடித்து விலக்கினார்.

சங்வுக் இடது பக்கத்திலேயே நின்றான். மிரான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா," என்றான். "அம்மா காது..."

"அங்க நின்னு என்னடா பண்ற?" அப்பா மூக்கைத் துடைத்துக்கொண்டு சித்தப்பா பக்கம் திரும்பினார். "இவன்தான் கண்டுபிடிச்சான் தெரியுமா? டாக்டர்லாம் எதுக்கு? போன்லயே சொல்லிட்டான், வண்டியில கோளாறு இல்ல, காதுலதான்னு."

"படிச்ச புள்ளன்னா சும்மாவா," என்றார் சித்தப்பா.

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள்.

"ஆமாப்பா," என்றான் சங்வுக்.

அம்மாவின் காலடியைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தான். மிரான் வழிவிடவில்லை. அவளை இடித்துக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது. குனிந்து "அம்மா" என்றான். அதற்கு மேல் வரவில்லை. அடுத்த பஞ்சை விரல்களுக்கிடையே உருட்டியபடி, அவன் நகர்வதற்காக ஊழியர் காத்திருந்தார்.