முதலில் நிற்கும் சொல்

1
இந்தக் கதை ஒரு பிழையிலிருந்து பிறந்தது. பிழை என்னுடையதல்ல, என் அறைத்தோழியுடையது. அவள் ஒரு மருத்துவமனைக்கு மென்பொருள் எழுதுகிறவள். கதையாக்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "எழுதிக்கோ. என்னை மட்டும் அழவைக்காத."

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு

(வேண்டாம். அன்று மழையே இல்லை. நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில்தான் எப்போதும் மழை.)

2
நோயாளியைச் சேர்க்க வருகிறவர் நிரப்பும் திரையில் ஒரு பெட்டி: 'உங்களுக்கு என்ன உறவு?' தொட்டால் உறவுகள் வரிசையாகக் கீழே விரியும். எல்லாவற்றுக்கும் மேலே 'தேர்ந்தெடுக்கவும்' என்று ஒரு வரி வைப்பது வழக்கம். மறந்துவிட்டாள். பெட்டியைத் தொடாமல் கடந்தால், வரிசையில் முதலில் நிற்கும் சொல்லே பதிவாகும்.

அகரவரிசை என்றால் அக்கா வந்திருப்பாள். இவளோ மனதில் வந்த வரிசையில் அடித்திருக்கிறாள். முதலில் வந்தது, அப்பா. (சிறுவயதிலேயே இழந்துவிட்டாள்.)

3
வரவேற்பு மேசைக்காரம்மா போனில் கத்தினார்: "உன் பெட்டியில யாரைப் போட்டாலும் அப்பா ஆயிடறாங்கம்மா! நேத்துப் பொறந்த குழந்தைகூட அப்பா!"

விழுந்து விழுந்து சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். போன வாரம் தன் வீட்டு மனிதர் ஒருவரை அங்கே சேர்த்தது இவள்தான்.

4
அவர், இவள் அம்மா மறுமணம் செய்துகொண்டவர். இவள் அவரை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. "இந்தாங்க", "கேக்குதா", "சாப்பிட வரலாம்" என்றே காலத்தை ஓட்டிவிட்டாள். அவருக்கு மணிக்கட்டு முறிந்த அன்று, உறவுப் பெட்டியில் கை நின்றது. அடுத்த பெட்டிக்குத் தாவிவிட்டாள்.

(இங்கேதான் என் பாத்திரத்தை நான் நம்பவில்லை. தானே எழுதிய பெட்டியில் எந்தச் சொல் நிற்கிறது என்று தெரியாதா? கேட்டேன். "நீ சும்மா எழுது.")

5
போன் வந்த அன்றே பிழையைத் திருத்திவிட்டாள். இனி அந்தத் திரை, பதில் சொல்லாமல் யாரையும் விடாது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனபோது, அவர் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடிக் கூட்டிலிருந்து, சேர்த்த அன்று அச்சாகி வந்த மருத்துவமனைச் சீட்டை எடுத்தார். பத்திரமாக மடித்து வைத்திருந்தார்.

முடிவு ஒன்று: "அது மிஷின் தப்புங்க," என்கிறாள். அவர் சிரிக்கிறார். "அதானே பாத்தேன்." சீட்டு மறுபடி கூட்டுக்குள்

முடிவு இரண்டு: "ஆமா," என்கிறாள். அதோடு ஒட்டிக்கொண்டு இன்னும் இரண்டு எழுத்தும்

இல்லை. எதை முதலில் எழுதினாலும் அதுவே உங்கள் மனதில் பதிவாகிவிடும். அவள் செய்த பிழையை நானும் செய்யக் கூடாது. என்ன பதில் சொன்னாள் என்று அவள் எனக்கும் சொல்லவில்லை. அவர் கேட்டதை மட்டும் சொன்னாள்:

"உறவுன்னு போட்டிருக்கே... இது நீயே போட்டதாம்மா?"

▼ தேர்ந்தெடுக்கவும்