வரேன் என்று சொன்னவன்

உப்பளத்தில் வாயை நம்பிப் பிழைக்க முடியாது. கடற்காற்று பேச்சைப் பாதி வழியிலேயே பிடுங்கிக்கொண்டு போய்விடும். இந்த வரப்பிலிருந்து தொண்டை கிழியக் கத்தினாலும் அந்த வரப்பில் நிற்கிறவன் காதில் ஒன்றும் விழாது. விழுந்தாலும் வேறு ஏதாவது விழும், வீண் சண்டை வரும். அதனால் மரக்காணத்து உப்பளத்தில் கைதான் வாய். துண்டைத் தலைக்கு மேல் சுழற்றினால் மழை வருகிறது, ஓடி வந்து உப்பை மூடு. உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து அசைத்தால் இங்கே வா. வண்டிக்காரன் இரண்டு முறை ஹாரன் அடித்தால் மூட்டை ஏற்றியாயிற்று, நகருங்கள்.

கன்னியப்பனும் பாவாடையும் இதெல்லாம் போதாது என்று தங்களுக்கென்று தனியாக ஒன்று வைத்திருந்தார்கள். போனில் ஒரே ஒரு ரிங் அடித்துக் கட் பண்ணினால் 'வா' என்று அர்த்தம். எதற்கு என்று கேட்கக்கூடாது. டீயாக இருக்கும், நண்டுக் குழம்பாக இருக்கும், சும்மா உட்கார்ந்து பீடி குடிக்கவும் இருக்கும். ரிங் வந்தால் கன்னியப்பன் தன் குட்டியானையைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். குட்டியானை என்றால் உப்பு மூட்டை ஏற்றுகிற அந்தச் சின்ன வண்டிதான். வரப்புச் சாலையில் வேறு எந்த வண்டியும் நுழையாது.

இரண்டு பேருக்கும் உறவு கிடையாது. ஆனாலும் மச்சான், மச்சான் என்றே இருபது வருஷம் ஓட்டிவிட்டார்கள். மச்சான் என்று கூப்பிட்டால் அவன் பெண்டாட்டி தங்கச்சிதானே? அப்படித்தான் பச்சையம்மா கன்னியப்பனுக்குத் தங்கச்சி ஆனாள், அவள் மகள் பிரியதர்ஷினி மருமகள் ஆனாள். சாயங்காலம் அந்த வீட்டை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் கன்னியப்பன் வாசலில் நின்று, "வரேன் தங்கச்சி" என்பான். உள்ளேயிருந்து பாவாடை, "வா மச்சான்" என்பான். அந்த 'வா' காதில் விழாமல் கன்னியப்பன் வண்டியைக் கிளப்பியதே இல்லை.

அந்தப் பாவாடை, புரட்டாசி வெயிலில் உப்பு வாரிக்கொண்டிருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாத்தியிலேயே சாய்ந்துவிட்டான். தூக்கிக்கொண்டு ஓடியது கன்னியப்பன். திரும்பத் தூக்கி வந்ததும் அவன்தான். குழியில் இறக்கியபோது பீடிக் கட்டையும் தீப்பெட்டியையும் யாரோ மார்மேல் வைத்தார்கள். பாவாடையின் பட்டன் போனை வைத்தது கன்னியப்பன். அழுகையோடு அழுகையாக, "அங்க போயி ஒரு ரிங் குடுறா" என்று சொன்னான். எதற்குச் சொன்னானோ, பாவிப்பயல்.

மறுநாள் துக்கம் கேட்கப் போனான். நிறைமாதமாக இருந்த பிரியதர்ஷினி வாசற்படி ஓரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பிரசவத்துக்கென்று புருஷன் ஊரான பிரம்மதேசத்திலிருந்து வந்த பெண்ணுக்கு அப்பன் சாவு காத்திருந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் போய்க்கொண்டிருந்தார்கள். சாவு வீட்டில் அதுதானே வழக்கம்? யாரும் 'வரேன்' என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. சொன்னால் அதே மாதிரிக் காரியத்துக்கு மறுபடியும் அந்த வீட்டுக்கு வரவேண்டி வந்துவிடும். இது கன்னியப்பனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் நாக்குக்குத் தெரியவில்லை. இருபது வருஷம் நின்ற அதே வாசல், அதே இடம். நின்றான், திரும்பினான், "வரேன் தங்கச்சி" என்றான்.

வீடே சில்லிட்டுப்போனது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். வா என்று சொல்கிறவன் குழியில் கிடந்தான். பிரியதர்ஷினியின் கை தானாகப் போய் வயிற்றைப் பொத்திக்கொண்டது.

"அடப்பாவி! வாயில இன்னாய்யா வெச்சிக்கினு இருக்கே?" என்று பாவாடையின் அக்கா எழுந்துவிட்டாள். "வயித்துப்புள்ளக்காரிய எதிர்ல வெச்சிக்கினு, வரேங்குறானே! இன்னொரு சாவுக்கு வரப்போறியா?"

பச்சையம்மா மட்டும் தலையைத் தூக்கி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அது என்ன பார்வை என்று கன்னியப்பனுக்குப் புரியவில்லை. சாபம் என்றே எடுத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்தவனுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் பெண்டாட்டி காசியம்மா, "வுடுய்யா, வாய் தவறினதுக்கு எந்தச் சாமி கணக்குப் பார்க்குது?" என்று தேற்றினாள். அவன் மனசு ஆறவில்லை. பிரியதர்ஷினி வயிற்றைப் பொத்திக்கொண்டதுதான் கண்ணுக்குள் நின்றது. அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆனால் தன் நாக்குதான் கொன்றது என்று ஆகிவிடாதா? உப்பு சிந்தினால் வாரிக்கொள்ளலாம். சொன்ன சொல்லை எதைக்கொண்டு வாருவது?

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். வரேன் என்று சொன்னவன் வராமலே இருந்துவிட்டால்? சொன்னது பொய்யாகிவிடும். பொய்யாகிவிட்டால் பலிக்காது. பிள்ளை பிறந்து, தாயும் பிள்ளையும் நல்லபடியாக ஊருக்குப் போகும்வரை அந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று முடிவு செய்தான். கருமாதிக்குக்கூடப் போகவில்லை. உப்பு லோடு இருக்கிறது என்று பாண்டிச்சேரிப் பக்கம் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடிவிட்டான்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. அளத்து மேஸ்திரி அப்பாவுவைப் பிடித்தான். "ஏம்பா, தங்கச்சிகிட்ட சொல்லு. தெரியாம வாயில வந்துடுச்சு, மனசுல வெச்சுக்க வேணாம்னு சொல்லு. புள்ள பொறக்கற வரைக்கும் நான் வரமாட்டேன், அதுவும் அவங்க நல்லதுக்குத்தான்னு சொல்லு."

அப்பாவு போய்விட்டு வந்து, "சொல்லிட்டேன்" என்றான்.

"இன்னா சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லல."

இரண்டு நாள் கழித்து, மத்தியானம், தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் போன் அடித்தது. ஒரே ஒரு ரிங். கட். எடுத்துப் பார்த்தான். திரையில் 'பாவாடை' என்று இருந்தது.

கன்னியப்பன் தார்ப்பாய்க் கயிற்றை அப்படியே விட்டான். வண்டிக்கடியில் நிழலில் போய் உட்கார்ந்தான். அந்த போனை அவன்தான் தன் கையால் மண்ணுக்குள் வைத்தான். மேலே மண் தள்ளியதும் அவன்தான். ஒரு ரிங் என்றால் என்ன? வா. வரேன் என்று சொல்லிவிட்டு வந்தான் அல்லவா? சொல்லவேண்டியவன் இப்போதுதான் பதில் சொல்கிறான். வா மச்சான்.

இதைக் காசியம்மாவிடமாவது சொன்னானா? சொல்லவில்லை. சொன்னால் நிஜமாகிவிடும் என்று பயம். அந்த வாரத்திலேயே இன்னொரு ரிங் வந்தது. பிறகு இன்னொன்று. எல்லாம் ஒற்றை ரிங். கூப்பிட்டுக் கேட்கலாம் என்று ஒருநாள் பட்டன் வரைக்கும் விரல் போனது. அந்தப் பக்கம் பாவாடை 'அலோ' என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று விரலை இழுத்துக்கொண்டான்.

அடுத்தது இன்னும் மோசம். ஐப்பசி பிறந்து, அளத்தில் உப்புக் குவியல்களுக்கு ஓலை போட்டு மூடுகிற வேலை நடந்துகொண்டிருந்தது. வெயில் வெள்ளை வெளேரென்று கண்ணைக் குத்திக்கொண்டிருந்தது. கன்னியப்பன் தெற்கு வரப்பில் வண்டியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான். நாலைந்து பாத்தி தள்ளி, ஒரு குவியலுக்குப் பின்னால் பாவாடை நின்றுகொண்டிருந்தான். அதே நீலக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை. தலையில் அதே துண்டு. இடுப்புக்குக் கீழே உப்பு மறைத்திருந்தது. முகம் வெயிலில் ஒரே கருப்பாக இருந்தது. கையைத் தூக்கி, உள்ளங்கையைக் கவிழ்த்து, அசைத்தான். வா. நிறுத்தினான். மறுபடியும் அசைத்தான். வா.

வாயைத் திறந்து ஏதோ சொன்னதும் தெரிந்தது. காற்று அதைக் கொண்டுபோய்விட்டது.

கன்னியப்பன் வண்டியை ரிவர்ஸில் எடுத்தான். அந்த வரப்பில் ரிவர்ஸ் எடுக்கிறவனைப் பார்த்தால் ஊரே சிரிக்கும். அவன் யாரையும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து போர்த்திக்கொண்டு படுத்தவன், "அவன் என்னைத்தான் கூப்புடுறான். என்னக் கூப்ட்டுக்கட்டும். அந்தப் பொண்ண வுட்டுட்டா போதும்" என்று முணுமுணுத்தான். காசியம்மா காய்ச்சல் என்று நினைத்துக் கஷாயம் வைத்தாள்.

பிறகு மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் ஊற்றி, பக்கிங்காம் கால்வாய் பொங்கி, வரப்புச் சாலை நடுவில் ஓரிடத்தில் சேறாகி உள்வாங்கிப்போனது. மூன்றாம் நாள் விடிந்து, காசியம்மா அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருந்த நேரம், கன்னியப்பன் போன் அடித்தது. ஒரு ரிங் இல்லை. நிற்காமல் அடித்தது. ஓய்ந்து, மறுபடி அடித்தது. 'பாவாடை', 'பாவாடை' என்று திரை மின்னிக்கொண்டே இருந்தது. ஒரு ரிங்குக்கு அர்த்தம் தெரியும். இந்த ரிங்குக்கு அவர்கள் அர்த்தம் வைத்திருக்கவில்லை.

"யாருய்யா காலங்காத்தால?" என்று அடுப்படியிலிருந்து காசியம்மா கேட்டாள்.

"ராங் நம்பர்" என்றான் கன்னியப்பன். போனை அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டு மூடினான். ஐயோ, அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மத்தியானத்துக்கு மேல் அப்பாவு நனைந்துகொண்டே வந்தான். வாசலில் நின்றபடியே கத்தினான்.

"டேய், உன் போனுக்கு இன்னாடா கேடு? காலையில பிரியாவுக்கு வலி கண்டுடுச்சுடா. நூத்தியெட்டு மெயின் ரோட்டோட நின்னுடுச்சு, உள்ள எறங்க மாட்டேன்னுட்டான். உன் வண்டி ஒண்ணுதான் அந்தச் சேத்துல போவும், உன்னத் தேடி வர நேரமில்ல. கயித்துக் கட்டில்ல வெச்சு, முட்டிக்கால் தண்ணியில தூக்கிக்கினு போனோம். போய்ச் சேர்றதுக்குள்ள..." அப்பாவு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "பொண்ணு பொழச்சிக்கிச்சு. புள்ள இல்ல."

காசியம்மா தலையில் அடித்துக்கொண்டு பிரியதர்ஷினியைப் பார்க்கப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். கன்னியப்பன் வண்டியில் ஏறினான். அவன் சொன்னபடியே, அந்த வீட்டுக்கு, மறுபடியும் அதே மாதிரிக் காரியத்துக்கு வந்தான்.

சின்னக் குழியாகத் தோண்டி மூடிவிட்டு ஆண்கள் கலைந்துபோயிருந்தார்கள். மழை விட்டிருந்தது. மகளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, பிள்ளையைப் புதைக்க வந்த பச்சையம்மா தனியாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் ஒரு பழைய பட்டன் போன் கிடந்தது. கொடியில் அந்த நீலக் கட்டம் போட்ட சட்டை, முழுக்க உப்புக் கறையோடு தொங்கியது. புடவைமேல் புருஷன் சட்டையை மாட்டிக்கொள்ளாமல் உப்பளத்தில் இறங்குகிற பெண் யார் இருக்கிறாள்? கன்னியப்பன் பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சிதானே அது? பயம் வந்தால் பார்த்ததெல்லாம் மறந்துவிடும்போல.

சுவரோரம் உட்கார்ந்தான். "போனை அவன்கூடவே பொதச்சுட்டோமே தங்கச்சி" என்றான்.

"போனத்தான் பொதச்சீங்க" என்றாள் பச்சையம்மா. "சிம்கார்ட பிரியா முன்னாடியே கழட்டி வெச்சிக்கிச்சு, அப்பா நம்பராச்சேன்னு. என் போன்ல போட்டுக் குடுத்துச்சு. அதுல உங்க நம்பர்தான் மொதல்ல இருந்துச்சு. கூப்டுவேன், ஒரு ரிங் போறதுக்குள்ள கூச்சமாயிடும். புருஷன் செத்தவ ஒரு ஆம்பளைக்குப் போன் பண்ணிக்கினு இருக்கான்னு யாராச்சும் பேசுவாங்கன்னு கட் பண்ணிடுவேன்."

கன்னியப்பன் கொடியில் தொங்கிய சட்டையைப் பார்த்தான்.

"அளத்துல கையாட்டினேன். 'வண்டி ரெடியா வையிண்ணா, பிரியாவுக்கு நாள் நெருங்கிடுச்சு'ன்னு கத்தினேன். நீங்க திருப்பிக்கினு போயிட்டீங்க. அப்பாவு அண்ணன் வந்து, கன்னியப்பன் இனிமே வரமாட்டான், மனசுல வெச்சுக்காதேன்னு சொல்லிட்டுப் போனாரு. நான் அத நம்பல."

"ஏன் நம்பல?" என்று கேட்டுவிட்டான். கேட்டிருக்கக் கூடாது.

பச்சையம்மா அன்றைக்குப் பார்த்த அதே பார்வை பார்த்தாள். இப்போது அவனுக்குப் புரிந்தது. சாபமும் இல்லை, கோபமும் இல்லை. ஒரு ஆளாவது வருவான் என்று பிடித்துக்கொண்ட பார்வை.

"அன்னிக்கு வந்த சனம் எல்லாம் சொல்லாம போச்சுங்கண்ணா. கருமாதி முடிஞ்சதும் ஒத்தாசைக்குன்னு ஒருத்தரும் திரும்பி வரல. நீங்க ஒருத்தர்தான் வரேன்னு சொன்னீங்க. அத நம்பித்தான் காலையில அத்தினி வாட்டி போன் பண்ணேன். அண்ணன் வந்துடும், அண்ணன் வண்டி வந்துடும்னு அந்தப் பொண்ணு கைய புடிச்சிக்கினு சொல்லிக்கினே இருந்தேன்."

வெளியே ஓலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கன்னியப்பன் அழுதான். அழுது என்ன ஆகப்போகிறது? அவள் அழவில்லை. மடியிலிருந்த போனை எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கவிழ்த்து வைத்தாள்.

இருட்டத் தொடங்கியபோது எழுந்தான். வாசலில், இருபது வருஷம் நின்ற அதே இடத்தில் கால் தானாக நின்றது. உடம்பு தானாகத் திரும்பியது. பழகின நாக்கு, வாய்க்குள் தானாக அசைந்தது.

பச்சையம்மா கையைத் தூக்கித் தடுத்தாள்.

"இந்த வாட்டியாவது சொல்லாம போங்கண்ணா."