போதும்ணா பாக்கெட்

அந்த ஊரில் பிஸ்கட் பாக்கெட்டுகள் தாமாக வாயை மூடிக்கொள்ளத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று குழாயில் தண்ணீரும் வரவில்லை என்பதால் பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட் டிசைன் செய்யும் பெண்தான் காரணம். அவளுக்கு ஒரே அண்ணன். பஸ் டிரைவர், தனிக்கட்டை, ஸ்டியரிங்குக்கும் தொப்பைக்கும் நடுவில் விரல் நுழையாது. இப்படியே தின்றால் இதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டாக்டருக்கு வேறு வேலை இல்லை என்று அண்ணன் அடுத்த பாக்கெட்டைப் பிரித்தார். தங்கை நேராகத் தன் டிசைன் மேசைக்குப் போனாள். பின்பக்கம் பொடி எழுத்தில் ஒளிந்திருந்த கலோரிக் கணக்கை முன்பக்கத்துக்குக் கொண்டுவந்தாள். ஒரு வேளைக்கு இவ்வளவுதான் என்று உள்ளே தடுப்பு வைத்தாள். முதல் மாதிரியைத் தன் கையாலேயே மடித்து, ஒவ்வொரு மடிப்புக்கும் “போதும்ணா, போதும்ணா” என்று முணுமுணுத்தாள். பசை காயும்வரை பேசக் கூடாது, பேசினால் சொல்லும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். கவலையில் மறந்துவிட்டாள்.

அச்சாகி வந்த அத்தனை பாக்கெட்டும், தின்பவருக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு கொடுத்துவிட்டு மூடிக்கொண்டது. வெட்டித் திறக்கப் பார்த்தவர்களுக்குக் கத்தரிக்கோல் மழுங்கியதுதான் மிச்சம். மேனேஜர் முதலில் தலையில் கைவைத்தார். அம்மாக்கள் பெட்டி பெட்டியாக வாங்கத் தொடங்கியதும், எல்லாம் தன் யோசனைதான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அண்ணன் மட்டும் விடுவதாயில்லை. குறடு, பல், பஸ் சக்கரம் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தார். கண்டக்டரிடம் கொடுத்து, திறந்து நீட்டச் சொன்னார். யார் வாய்க்குப் போகிறது என்று பாக்கெட்டுக்குத் தெரிந்தே இருந்தது. இரண்டு வருடத்தில் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை, டாக்டர் கைகுலுக்கினார். ஆனால் அண்ணன் தங்கையிடம் பேச்சை நிறுத்திவிட்டார். ஊர் சிரிக்கும்படி தன் வாயைக் கட்டிவிட்டாளாம். ஆள் நன்றாக இருந்தால் சரி என்று அவள் வெளியில் சொன்னாலும், அவருடைய பஸ் தன் வீட்டைத் தாண்டும்போது முன்பெல்லாம் அடிக்கும் ஹார்ன் கேட்காத நாளெல்லாம் அழுதாள்.

அடுத்த மழைக்காலத்தில் அண்ணனுக்குக் கடும் காய்ச்சல். எதையும் தொடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அப்போது அலமாரியிலிருந்த பாக்கெட் தானாகப் பிரிந்து, இறங்கி வந்து, தலையணையருகில் வாயைத் திறந்தபடி உட்கார்ந்தது. மூடிப் பார்த்தார், மூடவில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளினார், ஏறி வந்தது. வெறுத்துப்போய் ஒரு பிஸ்கட் தின்றார். அது அசையாமல் காத்திருந்தது. இந்தப் பிடிவாதம் யாருடையது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இன்னொன்றைத் தின்றுவிட்டுப் போனை எடுத்தார்.

“உன் பாக்கெட் என்னைத் தூங்க விட மாட்டேங்குது. கெளம்பி வா.”

போட்டது போட்டபடி ஓடிவந்தாள். அண்ணன் தன் பங்கைத் தின்று முடித்த பிறகும் பாக்கெட் மூடவில்லை. மெல்ல அவள் பக்கம் திரும்பியது.

“காலையிலேர்ந்து நீ ஒண்ணும் சாப்பிடல, அப்படித்தானே?” என்றார் அண்ணன்.

அவள் தலையாட்டினாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சியபடி தின்றாள். கடைசித் துண்டு உள்ளே போனதும் பாக்கெட் மூடிக்கொண்டது. அண்ணன் அதை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, டீ போட எழுந்துபோனார்.