இரண்டு நூல் குறைவு

"பெட்டி மூடலைங்க," என்றார் ரோஹித். "பாருங்க, மேல இடிக்குது. பதினெட்டு இன்ச்சுக்குள்ள ரோபோ அடங்கணும். அடங்கலன்னா ஸ்டிக்கர் கிடையாது, ஸ்டிக்கர் இல்லன்னா ஆட விட மாட்டோம். பதினோரு மணி வரைக்கும் டைம் இருக்கு, சரி பண்ணி எடுத்துட்டு வாங்க."

அப்போது மணி பத்தேகால். வானகரத்தில் ஒரு பொறியியல் கல்லூரியின் பெரிய கூடத்தில் பள்ளிகளுக்கான ரோபோ போட்டி நடந்துகொண்டிருந்தது. ரோஹித் அங்கே அளவு சரிபார்ப்பவர்.

ஒன்பதாம் வகுப்பு மதிவதனியும் செலினும் ரோபோவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தங்கள் மேசைக்குத் தூக்கி வந்தார்கள். மேசைகளைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டியிருந்தது. நாடாவுக்குள் மாணவர்கள் மட்டும்தான் நிற்கலாம். கூட வந்த பெரியவர்கள் வெளியே நின்று பேசலாம், சாமான் எடுத்துக் கொடுக்கலாம். ரோபோவின்மேல் அவர்கள் கை படக்கூடாது.

நாடாவுக்கு வெளியே இரண்டு பேர் நின்றார்கள். யுவராணி, அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிக்கான புஷ் என்ற சின்ன உலோக வளையம் செய்யும் கம்பெனியில் அளவு பார்ப்பவள். ஜெகதீசன், பாரிவாக்கத்தில் கிரில் பட்டறை வைத்திருப்பவர். ஜூன் மாதத்திலிருந்து சனிக்கிழமைதோறும் இருவரும் இந்தப் பெண்களின் அரசுப் பள்ளிக்கு ரோபோ செய்யச் சொல்லிக் கொடுக்கப் போய் வருகிறார்கள்.

"எப்டி இடிக்கும்?" என்றாள் யுவராணி. "போல்ட்டு தல மேல நிக்கும், அதனால ரோபோவோட தூண் ரெண்டையும் ரெண்டு நூல் கம்மியா வெட்டணும்னு சொன்னேனே மதி."

"கம்மி பண்ணிதான்க்கா கோடு போட்டேன்."

"டேப்ப வெச்சுப் பாரு."

மதிவதனி அளந்தாள். கொஞ்சமும் குறையவில்லை.

"ரெண்டு நூல் எங்க போச்சு?"

"கீதுக்கா. எங்கம்மா தையல் மெஷின்லேர்ந்து ரெண்டு நூல் எடுத்து, பக்கத்துல பக்கத்துல ஒட்டி வெச்சு, அதுக்குக் கீழதான் கோடு போட்டேன்."

ஜெகதீசன் காதைத் தேய்த்துக்கொண்டார். "இன்னாது, தைக்கிற நூலா?"

"வேற இன்னா நூலு அங்கிள்?"

"நான் அப்பவே கேட்டேன்," என்றாள் செலின். "இத்துனூண்டு வெட்டுனா இன்னா ஆவப் போவுதுன்னு. இவதான் சொன்னா, ரோபோன்னா அவ்ளோ நுணுக்கமா இருக்கும்டின்னு."

பட்டறையில் ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். கம்பி வாங்குகிறவர், கதவு போடுகிறவர் எல்லாருக்கும் அது பழகிய கணக்கு. தையல்காரி வீட்டுப் பெண்ணுக்கு நூல் என்றால் நூல்தான்.

"நீ வெட்டும்போது பாக்கலியா அண்ணாத்தே?"

"அது போட்ட கோட்டுல வெட்டுனேன். அளவு சொன்னது நீ, கோடு போட்டது அது. என்னிய மொறைக்கிற."

"நேத்து நான் வந்து அளந்திருக்கணும்," என்றாள் யுவராணி. இன்றைக்கு லீவு வேண்டும் என்பதற்காக நேற்று அவள் இரண்டு ஷிப்டு பார்த்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து அவள் கைபேசி அடித்தது. கம்பெனி சூப்பர்வைசர் சிவராமன்.

"ரெண்டு ஆள் வரலம்மா. வண்டி அனுப்பறேன், வந்துடு."

"இன்னிக்கு லீவு சார். நேத்தே சேத்துப் பாத்துக் குடுத்துட்டேன்."

"அந்த ஸ்கூல்ல ஒம் பொண்ணா படிக்குது?"

"எனக்குப் பையன்தான் சார். அவன் ஆவடில படிக்கிறான்."

"அப்புறம் அங்க ஒனக்கு இன்னா வேல?"

"பதினாலு வருசமா ஒரே புஷ்ஷ அளந்துகினு கீறேன் சார். அது வண்டியில எந்த எடத்துல போயி உக்காருதுன்னு ஒரு தபா கேட்டதுக்கு, ஒனக்கெதுக்குன்னீங்க. இங்க ஒண்ணு, மொத ஸ்க்ரூலேர்ந்து என் கண்ணு முன்னாடி எழுந்து நிக்குது. அது ஓடறதப் பாத்துட்டுதான் வருவேன்."

"திங்கக்கெழம மேனேஜர் கேப்பாரு."

"கேக்கட்டும் சார். நானே பேசிக்கிறேன்."

அவள் கைபேசியைப் பைக்குள் போட்டதும் ஜெகதீசன் குனிந்து கிசுகிசுத்தார். "அளவு பாக்கற தம்பி அந்தாண்ட போயிட்டாரு. உள்ள பூந்தன்னா மூணு நிமிசம். ரெண்டு தூணையும் சர்ருன்னு இழுத்துட்டு வந்துடறேன்."

"வோணாம்."

"பக்கத்து மேசையப் பாரு. கண்ணாடி போட்ட வாத்தியாரு உள்ளயே குடித்தனம் பண்றாரு."

"அவரு பண்ணட்டும்."

"இத்தினி மாசம் வந்துட்டு, ஆடாமலே ஊட்டுக்குப் போவச் சொல்றியா?"

"போனா போறோம். நீ வெட்டி அது பெட்டிக்குள்ள போச்சுன்னா, போனது நீதான், புள்ளைங்க இல்ல," என்ற யுவராணி மேசைப் பக்கம் திரும்பினாள். "மதி, ஆறரை மில்லிமீட்டர் கம்மி பண்ணி கோடு போடு. நீயே வெட்டு."

"எனக்கு வெட்ட வராதுக்கா."

"நாலு மாசமா ஆக்ஸா பிளேடு ஒங்க மேசமேலதான கெடக்குது?"

"அங்கிள்தான் வெட்டுவாரு, நாங்க புடிச்சுக்குவோம். ஒரு வாட்டி எடுத்தேன். தள்ளு பாப்பா, கைய அறுத்துக்குவன்னு வாங்கிக்கினாரு." மதிவதனி ஒரு கணம் யோசித்தாள். "நீங்களும்தான்க்கா. நான் ஸ்க்ரூ திருப்பினா, குடு குடு, நான் பண்றேன்னு வாங்கிடுவீங்க."

அவள் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். யுவராணிக்குத்தான் முகம் சுட்டது. கம்பெனியில் லேத் எந்திரத்துப் பக்கம் போனபோதெல்லாம் 'தள்ளும்மா, நீ அளக்கறதோட நில்லு' என்றுதான் அவளிடம் சொன்னார்கள். அதே பேச்சு தன் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது அவள் காதில் இத்தனை நாள் விழவில்லை.

"தப்புதான்," என்றாள். "இப்ப யாரும் புடுங்க மாட்டோம். கண்ணாடி மாட்டிக்கோ. தூணக் கழட்டி வைஸ்ல இறுக்கு. செலின், நீ கோட்டுமேல கண்ண வெச்சுக்கோ, எகிறிச்சுன்னா சொல்லு."

பிளேடு முதலில் வழுக்கியது. பிறகு கடித்துக்கொண்டு நின்றுவிட்டது.

"முன்னாடி தள்றப்போதான் அழுத்தணும் பாப்பா," என்றார் ஜெகதீசன். "பின்னாடி வரும்போது சும்மா உட்டுடு. அவசரப்படாத. அய்ய, சாய்க்காத, சாய்க்காத." பேசிக்கொண்டே அவர் கால் நாடாவைத் தாண்டிவிட்டது. யுவராணி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"கால எடு அண்ணாத்தே."

"கண்ணால பாத்துகினு நிக்க முடியல தங்கச்சி."

"முடியணும்."

அவர் இரண்டு கைகளையும் கக்கத்தில் செருகிக்கொண்டார். பாதி வெட்டில் பிளேடு படக்கென்று ஒடிந்தது. மதிவதனி பயந்துபோய் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எனக்கும்தான் ஒடையும்," என்று புது பிளேடை நாடாவுக்கு மேலாக நீட்டினார். "பல்லு முன்பக்கமா இருக்கணும். மாட்டு."

முதல் தூண் முடிய இருபது நிமிடம் ஆனது. இரண்டாவதை ஏழு நிமிடத்தில் வெட்டினாள். போல்ட்டுகளை முடுக்கிப் பெட்டிக்கு ஓடியபோது பத்து ஐம்பத்தாறு.

ரோஹித் மூடியை வைத்தார். மூன்று மூலை உட்கார்ந்தது. நாலாவது உட்காரவில்லை.

"வெட்டு சாஞ்சிருக்கு. இன்னும் நாலு நிமிஷம்தான்."

யுவராணிக்கு எந்த இடத்தில் தேய்க்க வேண்டும் என்று தெரிந்தது. சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மதிவதனி ரோபோவை வெளியே எடுத்து வைத்து, விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்து, பாவாடைப் பையிலிருந்த அரத்தை எடுத்து அந்த ஒரு முனையை மட்டும் தேய்க்கத் தொடங்கியிருந்தாள். பெரியவர்கள் நின்ற பக்கம் அவள் பார்வை வரவே இல்லை.

மறுபடி மூடியை வைத்தார். நாலு மூலையும் உட்கார்ந்தது. ரோஹித் தூணில் பச்சை ஸ்டிக்கரை ஒட்டினார்.

"எங்க மொத ஆட்டம் எப்ப சார்?" என்று கேட்டாள் மதிவதனி.

"பதினொண்ணு பத்துக்கு."

"செலின், பேட்டரிய எடுத்துகினு வா."

இரண்டு பேரும் ரோபோவைத் தூக்கிக்கொண்டு களத்தை நோக்கி நடந்தார்கள்.

"ஒரு தபா கூட நம்மளத் திரும்பிப் பாக்கல, பாத்தியா," என்றார் ஜெகதீசன்.

"பாத்தேன்," என்றாள் யுவராணி. "வா, கூட்டம் ரொம்பறதுக்குள்ள நல்ல எடமா பாத்து நிப்போம்."