தசூகி சித்தப்பாவின் ஒரே காட்சி

படம் எரிந்துபோன செய்தி வந்தபோது பஹீஜா அழவில்லை. அவளுடைய சித்தப்பா தசூகிதான், அன்ஃபூஷி மீன் சந்தை என்றும் பார்க்காமல் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

பேசாத படம். இருந்ததே ஒரு பிரதிதான். பஹீஜா நாயகி, அனீஸ் நாயகன்; படத்திலும் அதே பெயர்கள்தான். மகளை நிக்காஹ் செய்துகொடுக்கும் தந்தையாக ஒரே ஒரு காட்சியில் தசூகி. அந்த வேஷம் கிடைத்தால்தான் அண்ணன் மகளை நடிக்கவே விடுவேன் என்று அடம்பிடித்து வாங்கியது. அந்தப் படம் அலெக்ஸாந்திரியாவில் ஒரு ஆள்கூடப் பார்க்காமல் சாம்பலாகிவிட்டது.

படத்தில் காதலித்தவர்கள் நிஜத்திலும் காதலித்தார்கள். அனீஸ் பெண் கேட்டு வந்தான்.

"நடிகனுக்கா? என் பொணத்து மேலதான்!" என்றார் தசூகி.

"நீங்களும் நடிச்சவர்தானே சித்தப்பா?" என்றாள் பஹீஜா.

"நான் கலைஞன்டி!"

அப்பா இல்லாத பஹீஜாவுக்கு அவர்தான் பொறுப்பு. அவர் தன் வாயால் குடுத்தேன் என்று சொல்லாமல் நிக்காஹ் நடக்காது. ஆனால் தினமும் சாயங்காலம் கீழே காபிக்கடையில் அவர் அந்தக் காட்சியை நடித்துக்காட்டாமல் வீடு திரும்பியதில்லை. மாடி ஜன்னலிலிருந்து பார்த்துப் பார்த்து அவளுக்கு ஒரு யோசனை உதித்தது.

மறுநாள் கடையில் அனீஸ் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில், அவள் சொல்லியனுப்பியபடி, அந்தப் பேட்டையில் நிக்காஹ் செய்துவைக்கும் ஷேக் ஃபர்ஹூத்.

"தசூகி, நீ நடிச்சியாமே? நம்புற மாதிரியா இருக்கு?" என்றார் ஷேக்.

அவ்வளவுதான். தசூகி துள்ளி எழுந்து அனீஸின் கையைப் பற்றினார். நிக்காஹ்வில் செய்வதுபோலவே கட்டைவிரலோடு கட்டைவிரல், மேலே வெள்ளைக் கைக்குட்டை.

"அனீஸ்! என் பொறுப்புல இருக்கிற பஹீஜாவ உனக்கு நிக்காஹ் பண்ணிக் குடுத்தேன்!" குரல் தழுதழுத்தது. கண்ணீரே வந்துவிட்டது.

"ஏத்துக்கிட்டேன். இந்தக் கடிகாரம் மஹர்," என்று அதைப் பெண்ணுக்கான மணக்கொடையாக மேசையில் வைத்தான் அனீஸ்.

"எனக்கும் சம்மதம்!" என்று ஜன்னலிலிருந்து கத்தினாள் பஹீஜா.

"கடை முழுக்க சாட்சி. முடிஞ்சுது தசூகி," என்றார் ஷேக்.

"என்ன முடிஞ்சுது? நடிப்புங்க அது!"

"நிக்காஹ்ல விளையாட்டுக்குச் சொன்னாலும் சொன்னதுதான். தெரியாதா உனக்கு?"

பஹீஜா ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்தாள். தசூகி எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"அப்போ... ஷேக்கே நம்பிட்டீங்களா?"

"கல்லும் கரைஞ்சிருக்கும்யா!" என்றார் கடைக்காரர். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

தசூகி நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார். பிறகு அனீஸ் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, கைய இன்னும் கொஞ்சம் மேல தூக்கியிருக்கணும். வா, இன்னொரு தரம் பண்ணலாம்."

மாடியிலிருந்து பஹீஜா போட்ட குலவை கடற்கரை வரை கேட்டது.